கல்லூரிக்குக் கடன் பத்திரம்: நகர மன்றம் அஞ்ச வேண்டியது எதற்கு?

அமெரிக்காவில் தனியார் கல்லூரி ஒன்று விடுதியோ நூலகமோ கட்ட விரும்பினால், வங்கியை நாடுவதைவிட நகர மன்றத்தை நாடுவதே அதற்கு ஆதாயம். நகர நிர்வாகமோ அது அமைத்த வாரியமோ தன் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டால், முதலீட்டாளர் பெறும் வட்டிக்கு மத்திய வருமான வரி இல்லை. ஆகவே, அவர் குறைந்த வட்டிக்கே பணம் தருகிறார். அசலையும் வட்டியையும் செலுத்துவது கல்லூரியே. அது தவறினாலும் நகரத்தின் வரிப்பணத்திலிருந்து கடனை வசூலிக்க இயலாது.

அப்படியானால் மன்ற உறுப்பினர்கள் தயங்குவானேன்? கல்லூரி சமயச் சார்புடையது எனில், அரசு எந்தச் சமயத்தையும் நிறுவலாகாது என்னும் முதலாவது அரசமைப்புத் திருத்தம் குறுக்கே வருகிறது. தென் கரோலினாவின் பாப்டிஸ்ட் கல்லூரிக்கான பத்திரங்களை 1973-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ஏற்றது. அக்கட்டடங்களில் வழிபாடோ சமயப் போதனையோ கூடாது என்ற நிபந்தனையும் அத்திட்டத்தில் இருந்தது.

ஆனால், அத்துடன் ஐயம் அகன்றுவிடவில்லை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் லிப்ஸ்கம் பல்கலைக்கழகத்துக்காக 1990-இல் ஒன்றரைக் கோடி டாலர் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவை செல்லாதவை என்று மாவட்ட நீதிமன்றம் 2000-இல் கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் 2-1 என அதை மாற்றியது. கலிஃபோர்னியாவிலும் இத்தகைய பத்திரங்கள் 2007-இல் 4-3 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில்தான் தப்பின. கடன் கல்லூரியுடையது; வழக்கு மன்ற வாசலில்.

இன்று காற்று திசை மாறியிருக்கிறது. பிற தனியார் பள்ளிகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவியைச் சமயப் பள்ளிகளுக்கு மட்டும் மறுக்கக் கூடாது என மெய்ன் மாநில வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பத்திரங்கள் குறித்த வழக்கு அல்ல. ஆயினும், மற்றக் கல்லூரிகளுக்கு வழங்கிவிட்டு, சமயத்தைக் காரணம் காட்டி ஒன்றை மட்டும் மறுத்தால், அந்த மறுப்பே வழக்காகலாம். ஒப்புதலில் மட்டுமல்ல, நிராகரிப்பிலும் இடர் உண்டு.

எனினும், சமய வாதத்தின் இரைச்சலில் வேறு கேள்விகள் அமுங்கிவிடுவதே என் கவலை. பத்திரப் பணம் வரிச் சட்டத்துக்குப் புறம்பாகச் செலவானால் வட்டிக்கான விலக்கு பறிபோகலாம். ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மிகாமல் பத்திரம் வெளியிடும் நகரங்களின் பத்திரங்களை வங்கிகள் வரிச் சலுகையுடன் வாங்கலாம். கல்லூரிக்காக வெளியிடுவதும் அந்த வரம்பில் சேர்வதால், நகரத்தின் சொந்தக் கடனுக்கு வட்டி கூடக்கூடும். வழக்குச் செலவைக் கல்லூரியே ஏற்கும் என்ற உறுதிமொழியும், நொடித்துப்போன கல்லூரியிடமிருந்து பெறப்பட்டதாயின், வெறும் காகிதமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, நகரத்துக்குச் செலவில்லை என்பதால் எவருக்குமே செலவில்லை என்றாகாது. விட்டுக்கொடுத்த வரி நாட்டின் கருவூலத்துக்கு இழப்பு. அதனால்தான் 1982-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் பொது விசாரணையையும், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் ஒப்புதலையும் கட்டாயமாக்கியது. அந்த விசாரணை வெறும் சடங்காகக் கூடாது. கல்லூரியின் வரவு செலவும் மாணவர் சேர்க்கையும் அங்கே பொதுவில் வைக்கப்பட வேண்டும். கல்லூரியின் சமயம் எது என்று ஆராய்வதைவிட, அது கடனைத் திருப்பித் தருமா என்று கேட்பதே மன்றத்தின் முதற்கடமை என்பேன்.