சான்றிதழ் இல்லாத உழைப்பும் பல்கலைக்கழக விண்ணப்பமும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீடுகளில் பேசப்படுவது இசட் புள்ளி மட்டுமே. அதில் பிழையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழமையான அனுமதியில், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இந்தக் கணக்கில் விவாதக் கழகத்துக்கோ உதைபந்தாட்ட அணிக்கோ இடமில்லை. 1970களின் தரப்படுத்தலில் காயப்பட்ட சமூகம் புள்ளியைத் தவிர வேறெதையும் நம்பத் தயங்குவதும் விளங்கக்கூடியதே.

ஆனால், புள்ளியால் மட்டும் திறக்காத கதவுகளும் இருக்கின்றன. விளையாட்டு போன்ற துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதி உண்டு. கட்டடக்கலை, இசை, நடனம் போன்றவற்றுக்கு உளச்சார்பு அல்லது செயன்முறைப் பரீட்சை உண்டு. பிரித்தானியாவில் இளமாணிப் பட்டத்துக்கு யூகாஸ் ஊடாக விண்ணப்பிப்பவர்கள், 2026 அனுமதியிலிருந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மூன்றாவது கேள்வி, வகுப்பறைக்கு வெளியே இந்தத் துறைக்காக என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும் என்பது. முதுமாணிப் படிப்புக்கான செவனிங் புலமைப்பரிசில் 2,800 மணித்தியால வேலை அனுபவத்தைக் கேட்கிறது. தொண்டுப் பணியும் அதில் கணக்கிடப்படும்.

இங்கேதான் எங்கள் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். கொழும்பின் பெரிய பாடசாலைகளில் சங்கங்களும் பதவிகளும் சான்றிதழ்களும் ஆண்டுதோறும் சேர்கின்றன. வன்னிக் கிராமத்துப் பிள்ளைக்குப் பாடசாலை விட்டதும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தவறினால் வீடு போக வழியில்லை.

செய்திக்காகச் செல்லும் இடங்களில் மாணவர்களிடம் "படிப்பைத் தவிர என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். "ஒன்றுமில்லை, அக்கா" என்பதே அநேகமாக முதற் பதில். கொஞ்சம் கதைத்தால் வேறு விடயங்கள் வெளிவரும். தாயின் சிறு கடைக்குக் கணக்கு எழுதுவது, அயல் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது, பிரதேச செயலகத்தில் அம்மம்மாவுக்காகப் படிவம் நிரப்புவது, தோட்டத்துக்கு நீர் இறைப்பது. இவற்றுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. ஆனால் முகாமைத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்தக் கடைக்கணக்கும், விவசாயம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்தத் தோட்டமும் துறையோடு நேரடியாகத் தொடர்புள்ள அனுபவங்கள்தான்.

வேலையின் பட்டியல் மட்டும் போதாது. கடனுக்குக் கொடுத்த பொருட்களைத் தனிக் கொப்பியில் பதியத் தொடங்கியதால் நட்டம் எங்கே என்று தெரிந்தது என எழுதும் பிள்ளை, தான் கற்றதையும் காட்டுகிறது. ஆகவே திகதி, மணித்தியாலம், செய்தது, கற்றது ஆகிய நான்கையும் இப்போதே ஒரு கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். இடம்பெயர்வுகளில் சான்றிதழ்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு ஆதாரத்தின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு விண்ணப்பம் என்றதும், "யுத்தத்தில் பட்ட துன்பத்தை எழுது, இரங்குவார்கள்" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2009இல் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பு வயதில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட தந்தையைப் பற்றி எழுதுவதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பம் கேட்பது துறைக்கான ஆயத்தத்தை. காயத்தை விலையாக்கித்தான் கதவைத் திறக்கலாம் என்று பிள்ளைக்குக் கற்பிப்பது இன்னொரு காயம்.

எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் சுமத்தவும் முடியாது. சனசமூக நிலையத்தில் கற்பிக்கும் மாணவருக்கு நிர்வாகம் ஒரு கடிதம் கொடுக்கலாம். மண்டபங்களுக்கு உதவும் பழைய மாணவர் சங்கங்கள் மாலை நேரப் பேருந்து ஒன்றுக்கும் உதவலாம். வெளிநாட்டில் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு விண்ணப்பத்தையாவது வாசித்துத் திருத்திக் கொடுக்கலாம். இவற்றுக்கு அரசின் அனுமதியோ பெருந்தொகைப் பணமோ தேவைப்படாது. அந்தப் பிள்ளைகள் ஏற்கனவே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது எங்கள் பங்கு.