மிதிவெடியும் சுருக்குக் கம்பியும்

2020 மே மாத இறுதியில், நல்லதண்ணி தோட்டப் பகுதியில் சுருக்குக் கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் உயிரிழந்தது. இத்தகைய கம்பிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கே வைக்கப்படுகின்றன. மிதிவெடியைப் போலவே, சிக்குவது யார் என்று கம்பிக்கும் தெரியாது.

ஹட்டன் பக்கம் செல்லும்போதெல்லாம் நான் காண்பது இதுதான்: லயத்தை ஒட்டி மரக்கறிப் பாத்தி, அப்பால் தேயிலை, மேட்டில் துண்டுக் காடு. அங்கு உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது சிறுத்தை. பன்றியையும் அது வேட்டையாடும். சிறுத்தை குறைந்தால் பன்றி பெருக வழி பிறக்கும். அழியப்போவது அதே மரக்கறிப் பாத்திதான்.

சொந்தக் காணியற்ற தொழிலாளியை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. வேலியும் பயிரிழப்புக்கு நட்டஈடும் கிடைக்காதவரை கம்பிகள் ஓயாது.