எழுத்தை நடுவில் வெட்டும் நூலகம்

இவ்வலைப்பூவில் பெரும்பாலும் இலக்கணமும் வகுப்பறையுமே பேசுபொருளாக இருந்து வந்துள்ளன. இன்று கணினி நிரலாக்கம் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. 'தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்போர் கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டுக் கேட்கவும். ஒரு மாணவியின்மீது நான் சுமத்திய பழியிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

எங்கள் பள்ளிக் கணினி அறைக்காகப் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். மாணவர் தத்தம் கணினியில் கட்டுரையைத் தட்டச்சு செய்து 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தினால், அது பள்ளியின் உள்பிணையம் வழியாக என் கணினிக்கு வந்து சேரும். இணையம் தேவையில்லை, விரலியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக அலையவும் வேண்டா. வீட்டில் இரண்டு கணினிகளை இணைத்து ஆங்கிலச் சொற்களைக் கொண்டு சோதித்தேன். குறையின்றி இயங்கியது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 80 சொற்களில் கட்டுரை எழுதி அனுப்பிய நாளில் கதை மாறியது. பல கட்டுரைகள் வரவே இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் திரையில் பிழைச்செய்திகள் தோன்றின. சில கட்டுரைகள் பிழைச்செய்தி ஏதுமின்றி வந்தன; ஆனால் பாதியில் நின்றன. அவற்றுள் ஒன்று எப்பொழுதும் எழுதி முடிப்பதில் முந்திக்கொள்ளும் ஒரு மாணவியுடையது. "முடிக்காமலேயே அனுப்பிவிட்டாயா?" என்று கடிந்துகொண்டேன். "முழுதும் எழுதினேன் சார்" என்றாள். நான் நம்பவில்லை.

பிழைச்செய்தி வந்த கட்டுரைகளுக்கு நிரலைக் குறை கூறினேன். பிழை காட்டாமல் பாதியில் நின்ற கட்டுரைக்கு மாணவியைக் குறை கூறினேன். அக்கட்டுரையின் கடைசிச் சொல்கூட அரைகுறையாகவே நின்றிருந்தது. எந்த மாணவியும் அப்படி நிறுத்தமாட்டாள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்றிரவு நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நிகழ்ந்தது இதுதான்.

டிசிபி என்னும் நெறிமுறை, ஒரு கணினி அனுப்பும் பைட்டுகளை வரிசை மாறாமல், விடுபடாமல் மறு கணினியிடம் சேர்ப்பது. 1981ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 793 என்னும் ஆவணம் அதனை வரையறுத்தது. 2022இல் ஆர்எஃப்சி 9293 அதன் இடத்தைப் பிடித்தது. இடையில் எத்தனையோ திருத்தங்கள் வந்தபோதும் ஓர் அடிப்படைத் தன்மை மாறவில்லை. டிசிபிக்குப் பைட்டுகள் தெரியும், 'செய்தி' தெரியாது. எங்கே ஒரு கட்டுரை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்னும் செய்தி அதனிடம் இல்லை. குழாயில் தண்ணீர் வருவது போல் பைட்டுகள் வருகின்றன. இரண்டு குடம் ஊற்றினோமா மூன்று குடம் ஊற்றினோமா என்பதைக் குழாயின் மறுமுனையில் நின்று சொல்ல இயலாது.

பைத்தானின் செந்தர நூலகத்தில், அதாவது மொழியோடு சேர்ந்தே வரும் நூலகத்தில், சாக்கெட் என்றொரு பகுதி உண்டு. பெறுவதற்கு அது தரும் செயற்கூறு 'ரெசிவ்'. கையேட்டின் எடுத்துக்காட்டு நிரலைப் பார்த்து, அதிலுள்ளபடியே 1024 என்னும் எண்ணை அதற்குக் கொடுத்தேன். '1024 பைட்டு கொடு' என்பது அதன் பொருள் என்று எண்ணினேன். உண்மையான பொருள், 'இப்போது கையில் இருப்பதைக் கொடு, 1024ஐத் தாண்டாதே' என்பதாகும். ஒரு பைட்டு மட்டும் வந்திருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அச்செயற்கூறு ஒதுங்கிக்கொள்ளும்.

இனிக் கணக்குப் பாடத்திற்கு வருவோம். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். 'கி' என்பது ககரமும் இகரக் கொக்கியும் சேர்ந்தது. ஆக ஆறு பைட்டுகள். 80 ஆங்கிலச் சொற்கள் 500 பைட்டுக்குள் அடங்கிவிடும். 80 தமிழ்ச் சொற்கள் 2000ஐத் தாண்டும். 1024ஐ மூன்றால் வகுத்தால் 341 வரும், ஒன்று மீதமாகும். அந்த மீதி ஒன்று, 342ஆவது குறியீட்டின் முதல் பைட்டு. மற்ற இரண்டு பைட்டுகளும் வெளியே நிற்கும். 2048, 4096 என்று இரண்டின் அடுக்கு எதைக் கொடுத்தாலும் மூன்றால் மீதியின்றி வகுபடாது. சொற்களுக்கிடையில் வரும் இடைவெளி ஒற்றைப் பைட்டாதலால் வெட்டு விழும் இடம் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். மூன்றில் இரண்டு முறை அது எழுத்தின் நடுவில் விழும், அப்போது பிழைச்செய்தி. மூன்றில் ஒரு முறை குறியீடு முடியும் இடத்தில் விழும். அப்போது எல்லாம் சரியாக இருப்பது போன்ற தோற்றம். என் மாணவியின் கட்டுரை அந்த மூன்றில் ஒன்று.

ஆங்கிலத்தில் சோதித்தவரை இக்குறை கண்ணில் படவே இல்லை. குறை அங்கும் இருந்தது, மறைந்திருந்தது.

என்னிடம் முன்பு படித்து, இன்று கோலாலம்பூரில் நிரலாளராகப் பணிபுரியும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சார், டிசிபி என்றால் அப்படித்தான். கையேட்டை முழுதாகப் படித்திருக்க வேண்டும்" என்றார். தவறு என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்துறையில் பலரும் இதே பதிலைத்தான் தருகிறார்கள். நூலகம் மெலிதாக இருக்க வேண்டுமாம். இயங்குதளம் தருவதை அப்படியே கைமாற்றுவதே அதன் பணியாம். மற்றவை நிரலாளரின் பொறுப்பாம்.

கைமாற்றப்படுவது எது? 1983ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 4.2பிஎஸ்டி இயங்குதளத்தின் சாக்கெட் இடைமுகம். இயங்குதளத்தை ஆழ்ந்து அறிந்த சி மொழி வல்லுநர்களுக்காக அமைந்தது அது. அதே வடிவத்தை, தொடக்கநிலை மாணவருக்கு உகந்தது என்று போற்றப்படும் ஒரு மொழியின் வாசலில் வைத்துவிட்டு, இடறி விழுபவனைப் பார்த்து 'நீ படிக்கவில்லை' என்பது எவ்வகை நியாயம்?

'மெலிதாக இருத்தல்' உண்மையிலேயே ஒரு கொள்கையென்றால் அதையாவது உறுதியாகப் பின்பற்றியிருக்க வேண்டும். அனுப்பும் பக்கத்தில் 'சென்ட்' என்னும் செயற்கூறும் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு நிற்கக்கூடும். அதனால்தான் 'சென்ட் ஆல்' என்று மற்றொன்றையும் பைத்தான் தருகிறது. அது முழுவதையும் அனுப்பும்வரை விடாது. அனுப்புபவனுக்கு இந்தப் பரிவு. பெறுபவனுக்கு மட்டும் 'இத்தனை பைட்டும் வந்து சேரும்வரை திரும்பாதே' என்று சொல்ல இணையான ஒரு செயற்கூறு சாக்கெட் பகுதியில் இல்லை. ஜாவாவில் அத்தகையது முதற்பதிப்பிலேயே இருந்தது. கோ மொழியில் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் 2016ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஏன், பைத்தானின் 'அசிங்க்ஐஓ' என்னும் பகுதியிலேயே 2014 முதல் இருக்கிறது! ஒரே வீட்டின் புது அறையில் விளக்கு எரிகிறது. பழைய கூடத்தில் இருட்டு. புதியவர்கள் முதலில் நுழைவதோ கூடத்தில்.

குறை இதோடு முடியவில்லை. நிரலைத் திருத்தி, கட்டுரையின் நீளத்தை முதலில் அனுப்புமாறும், அத்தனை பைட்டும் வரும்வரை சுழன்று படிக்குமாறும் அமைத்தேன். அடுத்த வாரம், கட்டுரையை அனுப்பும் முன்பே ஒரு மாணவனின் கால் பட்டு அவன் கணினியின் மின்விசை அணைந்தது. எல்லாரும் அனுப்பியபின் சேமிப்பதாக எழுதப்பட்டிருந்த என் நிரல் அவனுக்காகக் காத்திருந்தது. மணி அடித்தது. அடுத்த வகுப்பு வாசலில் வந்து நின்றது. நிரல் காத்துக்கொண்டே இருந்தது.

மின்சாரம் போன கணினி 'நான் விடைபெறுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. படிப்பவன் எதையும் அனுப்பாமல் காத்திருந்தால், மறுமுனை இறந்த செய்தி அவனை எட்டவே எட்டாது. இணைப்பு ஏற்படும் கட்டத்திலாவது இயங்குதளம் ஒரு நேரத்தில் கைவிட்டுவிடும். லினக்சின் வழக்கமான அமைப்பில் அது ஏறத்தாழ 2 நிமிடம். இணைந்தபின் படிக்கும் கட்டத்தில் எல்லையே இல்லை. மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி உண்டு. நாமாக முடுக்கினாலன்றி அது இயங்காது. முடுக்கினாலும் லினக்சில் முதல் தட்டு 7200 வினாடி கழித்துத்தான். இரண்டு மணிநேரம்!

காத்திருப்புக்கு வரம்பு வைக்கும் வசதி பைத்தானில் 2003ஆம் ஆண்டின் 2.3 பதிப்பு முதலே உள்ளது. ஆனால் யாரும் கேட்காவிட்டால் வரம்பு 'இல்லை' என்பதே இயல்புநிலை. இக்குற்றச்சாட்டில் பைத்தான் தனியாக நிற்கவில்லை. ஜாவா, கோ, ரஸ்ட் ஆகியவற்றிலும் படிப்பதற்கு இயல்பாக வரம்பு கிடையாது. சாகாவரம் பெற்றவர்களுக்காகவே எழுதியது போல் எல்லா நூலகங்களும் முடிவற்ற காத்திருப்பைத் தேர்ந்தெடுத்துள்ளன.

மறுப்போர் கூறும் காரணங்களைப் பார்ப்போம்.

'எத்தனை வினாடி என்று நூலகம் எப்படி முடிவு செய்யும்? உரையாடல் நிரலில் இணைப்பு மணிக்கணக்கில் சும்மா இருக்கலாமே?' என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. நூலகம் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டா. கேள்வியைக் கேட்டால் போதும். இணைப்பைத் திறக்கும்போதே காத்திருப்பு வரம்பைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் என்று வைத்தால், முடிவின்றிக் காத்திருக்க விரும்புபவர் 'வரம்பு இல்லை' என்று தம் கையால் எழுதுவார். அப்போது அது அவருடைய முடிவு. இன்றோ, கேட்கப்படாத கேள்விக்கு நாம் விடையளித்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது.

'கொள்கை முடிவுகள் நூலகத்தின் வேலையல்ல' என்கிறார்கள். கோ மொழியைப் பாருங்கள். 2019இல் வந்த 1.13 பதிப்பு முதல் உயிர்ப்புச் சோதனையை அது தானாகவே முடுக்குகிறது. இடைவெளி 15 வினாடி. சிறு செய்திகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் நேகல் முறையையும் அது இயல்பாகவே நிறுத்தி வைக்கிறது. இரண்டும் கொள்கை முடிவுகள்தாம். வேண்டாதவர் மாற்றிக்கொள்கிறார்கள். யாருக்கும் எதுவும் கெட்டுவிடவில்லை. முடிவெடுக்க மறுப்பதும் ஒரு முடிவே என்பதை மற்றவர்கள் உணர வேண்டும்.

'பழைய நிரல்கள் பழுதாகிவிடும்' என்கிறார்கள். பழையதைத் தொட வேண்டா. பக்கத்தில் புதியதை வையுங்கள். இணைப்பு ஏற்படுத்தும் வேலையை எளிதாக்க 2008இல், 2.6 பதிப்பில், பைத்தானே ஒரு புதுச் செயற்கூறைச் சேர்த்தது. பழைய நிரல் எதுவும் அதனால் வீழவில்லை.

'மேக்ஃபைல் இருக்கிறதே, அதைக் கொண்டு வரிவரியாகப் படிக்கலாமே' என்பாரும் உளர். இருக்கிறது, எழுத்து வெட்டுப்படாமலும் அது காக்கும். ஆனால் அதனோடு காத்திருப்பு வரம்பையும் சேர்த்து, அந்த வரம்பு ஒருமுறை கடந்துவிட்டால், உள்ளே சேர்த்துவைத்தவை முரண்பட்ட நிலையில் நிற்கலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. ஒரு நோய்க்கு மருந்து உண்டால் மறு நோய்க்கு மருந்து உண்ணக்கூடாதாம்!

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்த ஒன்றை இங்கே நினைக்கிறேன். மாணவன் நீங்கள் விளக்கியதைவிட, கரும்பலகையில் எழுதிக் காட்டிய எடுத்துக்காட்டையே பின்பற்றுவான். நூலகத்தின் இயல்புநிலையும் கையேட்டின் எடுத்துக்காட்டும் நிரலாளனுக்குக் கரும்பலகை. பலகையில் 1024 என்று எழுதிவிட்டு, பாடநூலின் வேறொரு பக்கத்தில் 'அப்படிச் செய்யாதே' என்று அச்சிடுவது நல்ல கற்பித்தல் ஆகாது.

யூடிஎஃப்-8ஐ 1992இல் வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும் இச்சிக்கலுக்கான விடையை எழுத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஒவ்வொரு குறியீட்டின் முதல் பைட்டும் 'என்னோடு சேர்த்து மொத்தம் இத்தனை பேர்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தமிழ்க் குறியீட்டின் முதல் பைட்டு 'மூவர்' என்கிறது. அதனால்தான் இருவர் வராதபோது பிழை தெரிந்தது. ஓர் எழுத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கைக் கட்டுரைக்கும் கொடுக்க ஒரு நூலகத்தால் இயலாதா?

மொழிகளை ஆக்குவோரிடம் நான் கேட்பது இவ்வளவே: செய்தி எங்கே முடிகிறது, எவ்வளவு நேரம் காத்திருப்பாய் என்னும் இரண்டு கேள்விகளையும் இணைப்பு திறக்கும் வாசலிலேயே நிரலாளனிடம் கேளுங்கள். வல்லுநர்க்கான பழைய கதவும் திறந்தே இருக்கட்டும். நான் அதை மூடச் சொல்லவில்லை.

நம்மவருள் நிரல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலை ஆங்கிலச் சொற்களோடு மட்டும் சோதித்துவிட்டு வகுப்பறைக்குக் கொண்டு வராதீர்கள். நீண்ட தமிழ்க் கட்டுரை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். பாதியில் வடத்தைப் பிடுங்கிப் பாருங்கள். அதுவரை எந்த மாணவியையும் 'முடிக்காமல் அனுப்பினாயா?' என்று கேட்டுவிடாதீர்கள்.

மாற்றுக் கருத்துடையோர் மறுமொழியில் எழுதுக. விடையளிக்கக் காத்திருக்கிறேன், ஒரு வரம்போடு!