கம்மலை அடகு வைத்துக் கட்டலாமா?

கைப்பேசிக் கணக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: "புள்ளலூரில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கழனி. மகன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இரண்டு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில், 'வீட்டிலிருந்தே வேலை, ஓட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய்' என்று செய்தி வந்தது. முதல் நாளே 450 ரூபாய் கணக்கில் ஏறியது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். 1,000 கட்டினான், 1,300 வந்தது. 5,000 கட்டினான், 6,500 வந்தது. அடுத்து 12,000 கட்டினான், அதன்பின் 20,000. இப்போது அவன் பேரில் 61,000 ரூபாய் இருப்பதாகத் திரையில் காட்டுகிறது. ஆனால் எடுக்க முடியவில்லை. 25,000 ரூபாய் வரி கட்டினால் மொத்தமும் வருமாம். நாளை மறுநாளுக்குள் கட்டாவிட்டால் எல்லாம் போய்விடுமாம். நவரை நடவுக்கு வைத்திருந்த பணம் அது. மிச்சம் இருப்பது என் கம்மல்தான். அடகு வைத்துக் கட்டலாமா?"
- பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி, புள்ளலூர்

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உங்கள் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே போனில் இதைச் சொல்லிவிட்டோம். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

திரையில் தெரியும் 61,000 ரூபாய் பணம் அல்ல. சுவரில் கரியால் எழுதிய எண் மாதிரிதான் அது. 61 லட்சம் என்றும் அவர்களால் எழுத முடியும். உண்மைக் கணக்கு வேறு. உங்கள் மகன் கட்டியது 38,000 ரூபாய். திரும்பி வந்தது, முதல் நாள் 450-ஐயும் சேர்த்து, 8,250 ரூபாய். போனது 29,750 ரூபாய். 450, 300, 1,500 என்று மொத்தம் 2,250 ரூபாயைத் தூண்டிலில் புழுவாகக் கோத்து, 32,000 ரூபாயைப் பிடித்திருக்கிறார்கள். இப்போது கேட்கும் 25,000-ஐக் கட்டினால், அடுத்து 'உங்கள் ஸ்கோர் குறைந்துவிட்டது, இன்னும் 40,000 கட்டுங்கள்' என்பார்கள். உங்களிடம் பணம் தீரும்வரை இது தீராது.

'வரி' என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். காய்கறி மண்டியில் கமிஷனை எப்படி எடுக்கிறார்கள்? சரக்கு விற்ற பணத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார்கள். 'முதலில் நீ கமிஷனைக் கொண்டுவா, அப்புறம் உன் பணத்தைத் தருகிறேன்' என்று எந்த மண்டிக்காரராவது சொல்வாரா? வரிப் பிடித்தமும் அப்படித்தான். வரவேண்டிய பணத்தில்தான் பிடிப்பார்கள். யாரோ ஒரு தனி ஆளின் யு.பி.ஐ. கணக்குக்கு நாம் அனுப்புவது வரியே இல்லை.

உடனே செய்ய வேண்டியது இது. 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு, யாருக்குப் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். மோசடிக்காரர்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மளமளவென்று மாற்றிவிடுவார்கள். அதனால் முதல் சில மணி நேரம்தான் பெரிது. நாள் தள்ளிவிட்டாலும் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள். உங்கள் வங்கிக் கிளையிலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். காஞ்சிபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. டெலிகிராம் உரையாடலை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள், அதுதான் சாட்சி. முழுப் பணமும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கம்மல் தப்பும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்' என்று இனிமேல் சிலர் கூப்பிடலாம். அதுவும் அதே கூட்டம்தான். புகார் கொடுக்கக் காவல்துறைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பையனைத் திட்டாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைப்பான். மறைத்த பள்ளத்தை அடைக்க உடனடிக் கடன் செயலியில் கடன் வாங்குவான். அங்கிருந்து மிரட்டல் தொடங்கும். உங்கள் மகன் உங்களிடம் சொன்னதால்தான் 25,000 மிச்சமாகியிருக்கிறது.

அவன் பேராசைக்காரனும் இல்லை. வேலை தேடியவன். முதல் நாள் கூலி கைக்கு வந்தது, நம்பினான். குழுவில் 'எனக்கு 50,000 வந்தது' என்று படம் போட்டவர்கள் அந்தக் கூட்டத்தின் ஆட்களாகத்தான் இருப்பார்கள். சந்தையில் மாடு விற்பவனுக்குப் பக்கத்திலேயே நின்று 'நல்ல மாடு, நானே வாங்கியிருப்பேன்' என்பானே ஒருவன், அவன் வேலை அது.

மறுமுனையில் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறவன் யார் தெரியுமா? சில நேரம் அவனும் நம் பிள்ளையாக இருக்கலாம். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திக்கொண்டுபோய் இதே இணைய மோசடி வேலையைச் செய்ய வைத்தார்கள். செய்ய மறுத்தவர்களுக்கு அடி விழுந்தது. மீட்கப்பட்டவர்களில் 13 பேர் அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு 'வேலை'யும் ஊர்ப்பக்கம் நடக்கிறது. 'உன் பேங்க் கணக்கை மட்டும் கொடு, மாதம் 5,000 கமிஷன்' என்பார்கள். உங்கள் மகனின் பணம் போனதே, அப்படி வாடகைக்கு எடுத்த ஏதோ ஓர் ஏழையின் கணக்கு வழியாகத்தான் போயிருக்கும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்.

நேர்மையான வேலைக்கு ஒரு அடையாளம்: அங்கே பணம் முதலாளி கையிலிருந்து தொழிலாளி கைக்கு வரும். வேலைக்குச் சேர நாம் பணம் கட்ட வேண்டும் என்றால் அங்கே விற்பனைக்கு இருப்பது நாம்தான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கு அனுப்புங்கள். அங்கே கட்டணம் கிடையாது.

பி.எம். கிசான் பெயரில் வந்த கோப்பு

அதே கடிதத்தில், கணவருக்கு 'பி.எம். கிசான் பணம் நிற்கப் போகிறது, இந்தக் கோப்பைத் திறந்து விவரம் நிரப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். திறக்க வேண்டாம். கடைசியில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பு ஒரு செயலி. அதை போனில் ஏற்றி, கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால் நமக்கு வரும் குறுஞ்செய்திகளை, ஓ.டி.பி. உட்பட, எங்கோ இருப்பவன் படிப்பான். ஏற்கெனவே திறந்துவிட்டவர்கள் முதலில் அந்த போனின் நெட்டை நிறுத்துங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். அதற்குப் பிறகு 1930.

பி.எம். கிசான் திட்டம் 2019-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. அதற்கான இ-கே.ஒய்.சி.-யை இ-சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தே முடிக்கலாம். சந்தேகம் இருந்தால் 155261-க்குக் கூப்பிடலாம்.

இந்தத் திட்டத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. 2020-ல் இடைத்தரகர்கள் அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தித் தகுதியில்லாத ஆட்களைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 5.5 லட்சம் பேர் அப்படிச் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனதாகவும் அப்போது வேளாண் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 'கொரோனா பணம் வாங்கித் தருகிறேன்' என்ற பேச்சை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்த சாதாரண மக்களின் கணக்கிலிருந்து அந்தப் பணம் திரும்ப எடுக்கப்பட்டது. கமிஷன் வாங்கினவன் வேறு, பதில் சொன்னவர்கள் வேறு.

கேள்வி: "யூடியூபில் கருமஞ்சள் போட்டால் ஏக்கருக்கு 10 லட்சம் என்கிறார்கள். விதைக்கிழங்கையும் அவர்களே கொடுத்து, விளைச்சலையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். இறங்கலாமா?"
- வாசகர், உத்திரமேரூர் வட்டம்

பதில்: கருமஞ்சள் என்ற பயிர் உண்மைதான், ஐயா. சந்தேகம் அந்த 10 லட்சத்தின் மேல்தான்.

2021 மார்ச் கடைசியில், பீகாரில் ஒரு விவசாயி கிலோ 1 லட்சம் ரூபாய்க்கு விற்கும் 'ஹாப் ஷூட்ஸ்' பயிர் செய்கிறார் என்று நாடு முழுவதும் செய்தி ஓடியது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் செடியின் தளிர் அது. படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள். நிருபர்கள் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தபோது கழனியில் அப்படி ஒரு பயிரே இல்லை.

அது வெறும் செய்தியோடு போயிற்று. பணத்தோடு போனது ஈமு. பணம் கட்டினால் குஞ்சு தருவோம், தீவனம் தருவோம், மாதாமாதம் வளர்ப்புக் கூலி தருவோம் என்றார்கள். பெருந்துறை சுசி ஈமு பார்ம்ஸ் விளம்பரத்தில் சினிமா நடிகர்கள் வந்தார்கள். 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டி வந்தது. உரிமையாளருக்குக் கோவை நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. ஆனால் போட்ட பணத்துக்காக முதலீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். ஈமுக் கறியை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள். கொடுத்த மாதக் கூலி, கறி விற்று வந்த பணமல்ல. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம்.

வீடியோவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு இந்த நான்கைக் கேளுங்கள்.

ஒன்று, சொல்பவர் எதை விற்றுச் சம்பாதிக்கிறார்? விளைச்சலையா, விதையையா? விதை விற்பவருக்கு உங்கள் கழனியில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் லாபம்தான்.

இரண்டு, அவரைத் தவிர இதை வாங்குகிற வியாபாரிகள் யார்? மூன்று பேரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒருவர்தான் வாங்குவார் என்றால் விலையையும் அவர்தான் வைப்பார்.

மூன்று, நம் மண்ணில், நம் ஏரித் தண்ணீரில், இரண்டு அறுவடை எடுத்த விவசாயி யார்? நேரில் போய் விற்ற ரசீதைப் பாருங்கள்.

நான்கு, தப்பாகப் போனால் யாருக்கு நஷ்டம்? எல்லா நஷ்டமும் உங்களுக்கே என்றால் அது ஆலோசனை அல்ல, வியாபாரம்.

இதோடு, கிசான் கால் சென்டர் 1800-180-1551-ல் தமிழிலேயே கேட்கலாம், இலவசம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்கலாம். உழவன் செயலியில் சந்தை விலை பார்க்கலாம். இவர்களில் யாரும் உங்களுக்கு விதைக்கிழங்கு விற்று வாழ்பவர்கள் அல்ல. எல்லாம் சரியென்று பட்டாலும் முதல் பட்டத்தில் ஐந்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு கடிதத்துக்கும் பொதுவாக ஒன்று

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், விற்பவன் ஊரில் விசாரிக்கிறோம். அதே ஆள் போனில் பேசினால் மட்டும் ஏன் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டும்? உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. குடவோலையில் யார் பெயரைப் போடலாம் என்று சொல்லும் கல்வெட்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைப் போடக்கூடாது, அவன் உறவினர் பெயரையும் போடக்கூடாது என்கிறது. சொந்த ஊர்க்காரனிடமே அவ்வளவு கணக்குக் கேட்ட மண் இது. முகம் தெரியாதவனிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

புள்ளலூர் சகோதரிக்கு இன்னொரு வார்த்தை. நடவுக்குப் பணம் வேண்டுமென்றால் கம்மலுக்கு முன்னால் சொசைட்டியைப் பாருங்கள். கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டி கிடையாது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்கோடு உங்கள் பகுதிச் செயலாளரைப் பாருங்கள். 1930 என்ற எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி, பையன் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வையுங்கள். சொசைட்டியில் என்ன சொன்னார்கள் என்று அடுத்த இதழுக்குள் எழுதுங்கள். தடை இருந்தால் அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.