பேசிய பெட்டி

தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தார். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் இவற்றோடு ஒரு பழைய கணிப்பொறியும் இறங்கிற்று. 1990களில் அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் வாங்கியது அது. பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் தராசுடன் காத்திருந்தார்.

"ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே!" என்றேன்.

விசையைத் தட்டினோம். முதலில் ஓர் ஊளை. பிறகு மாவு மில்லில் சோளம் அரைபடுவது போல் கடகடவென்று சப்தம். அடுக்களையிலிருந்து நண்பரின் தாயார் விரைந்து வந்தார். "அப்பா கணக்கு எழுதுகிறார் போலிருக்கிறதே!" என்றவர், மேலே பேச முடியாமல் நின்றார்.

அந்தச் சப்தத்தின் ரகசியம் இதுதான். பெட்டிக்குள் கிராமபோன் தட்டைப் போன்ற வன்தட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும். பதிந்ததைப் படிக்கும் முனை, மயிரிழையினும் மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதந்தபடி அங்குமிங்கும் தாவும். சுழல்வது ஊளை, தாவுவது கடகடப்பு. யந்திரம் உழைக்கிறதா, உறங்குகிறதா என்பதைக் காதாலேயே அறிந்துகொள்ளலாம். இக்காலத்து நினைவகச் சில்லுகளிலோ அசையும் உறுப்பே கிடையாது. அவை மௌன விரதம் பூண்டவை.

இந்தக் கரைக்கும் கணிப்பொறிக்கும் ஓர் உறவு உண்டு. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊர் இது. திருச்செந்தூருக்கு அருகே மூலைப்பொழியில் 1945-இல் பிறந்த சிவ நாடார், 1976-இல் தோழர்களுடன் எச்.சி.எல். கம்பெனியைத் தொடங்கினார். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறிற்று, அவ்வாண்டிலேயே எச்.சி.எல். தன் கணிப்பொறியை வெளியிட்டது. அந்நியர் போனால் யந்திரம் நின்றுவிடும் என்ற பேச்சு பொய்யாயிற்று.

ஆனால் செய்வதில் காட்டிய சிரத்தையைக் காப்பதில் நாம் காட்டுவதில்லை. நண்பரின் பெட்டியில் உப்பளக் கணக்குகளுக்கு நடுவே, மணமாகிச் சென்ற மகளுக்குத் தகப்பனார் எழுதிய கடிதங்கள் இருந்தன. அவற்றைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றினால் ஒரே குழப்பக் குறிகள்! அந்நாளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனித்தனி முறையில் அமைந்திருந்தது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010-இல்தான். கடிதங்களுக்குரிய எழுத்துரு அந்தப் பழைய பெட்டியில் மட்டுமே இருந்தது. எடைக்குப் போட்டிருந்தால் தகப்பனாரின் சொற்களும் கிலோக் கணக்கில் போயிருக்கும்.

நேயர்களே, உங்கள் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். விற்குமுன், விஷயம் தெரிந்தவரைக் கொண்டு உள்ளிருப்பதை எழுத்துருவுடன் பிரதி எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். தாமதம் வேண்டாம், பழைய வன்தட்டு எந்த வேளையும் நின்றுவிடும்.

இரும்புக்காரர் அண்டாவுடன் திரும்பினார். பிரதி எடுத்து முடிந்ததும் நண்பர் விசையை அணைக்கப் போனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே, அப்பா!" என்றார் தாயார்.