பொருளியல் பட்டமும் பொருள் விளங்காக் கல்வியும்

ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி கொண்டு செல்லும் உழவன் ஒருவனின் மகன், இளங்கலைப் பொருளியல் வகுப்பிற் சேர்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் தந்தை கடன்பட்டதையும், விளைச்சல் குன்றிய ஆண்டில் கையில் நாலு காசு தங்கியதையும் அவன் சிறுவனாயிருந்தபொழுதே கண்டவன். பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாது என்று பழத்தைக் கூடை கூடையாகச் சாலையோரத்திற் கொட்டிய நாள் அவன் நெஞ்சில் வடுவாக நிற்கின்றது.

அந்த வடுவுக்குரிய விளக்கம் அவனுடைய பாடநூலிலேயே இருக்கின்றது. 'தேவையின் விலை நெகிழ்ச்சி' என்பது அப்பாடத்தின் பெயர். நாள்தோறும் சமைக்கும் பொருளின் விலை பாதியாகக் குறைந்தாலும் மக்கள் அதனை இருமடங்கு வாங்கிவிடுவதில்லை. ஆகவே வரத்து சற்றே மிகும்பொழுது விலை அதனினும் பன்மடங்கு வீழ்கின்றது. விற்றவன் பெறும் மொத்தத் தொகை சுருங்குகின்றது. நிறைந்த விளைச்சல் உழவனை வறியனாக்கும் கொடுமைக்கு இதுவே அடிப்படை.

ஆனால் அம்மாணவன் கற்பது யாது? ஒரு வரையறை, ஐவகை நெகிழ்ச்சியின் பெயர்கள், ஒரு வரைபடம்; அவ்வளவே! கடையில் வாங்கிய வினாவிடைக் கையேட்டை மனப்பாடம் செய்து தேர்வெழுதித் தேறிவிடுகின்றான். தன் தந்தையின் கண்ணீருக்கு விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது என்பதை அறியாமலே பட்டம் பெறுகின்றான். இதனைக் கல்வி என்பதா? சடங்கு என்பதா?

ஆங்கிலமே இதற்குக் காரணம் என்று கூறி அமைவது எளிது. அது பாதி உண்மையே. ஆங்கில வழியிற் பயில்பவன் ஒலியை மனப்பாடம் செய்கின்றான். தமிழ் வழியிற் பயில்பவனோ ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த எலும்புக்கூட்டை மனப்பாடம் செய்கின்றான். எழுத்து தமிழாக இருந்தாற் போதாது. எண்ணமும் தமிழில் ஓடவேண்டும்.

பொருளியல் என்னும் துறை வளர்ந்த வரலாறே இதற்குச் சான்று. இசுக்காட்லாந்தின் கிளாசுகோப் பல்கலைக்கழகத்தில் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிசு அட்சிசன் என்னும் பேராசிரியர் இருந்தார். அறிஞர்மொழி இலத்தீனே என்றிருந்த அக்காலத்தில், அவர் ஆங்கிலத்தில் வகுப்பெடுக்கத் துணிந்தார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவரே ஆடம் சுமித்து. 1776இல் அவர் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' இலத்தீனில் எழுதப்படவில்லை. தம் நாட்டு வணிகனும் படிக்கத்தக்க மொழியில் எழுதப்பட்டது. இறுதிநிலைப் பயன்பாட்டுக் கொள்கையைச் செவன்சு 1871இல் ஆங்கிலத்தில் விளக்கினார். அதே ஆண்டில் கார்ல் மெங்கர் செருமானியத்தில் விளக்கினார். 1874இல் லியோன் வால்ரா பிரெஞ்சு மொழியில் விளக்கினார். மூவரும் தத்தம் மொழியில் எண்ணியே ஒரே உண்மையைக் கண்டனர். இன்று நமக்கு அறிவுமொழியாகக் காட்டப்படும் ஆங்கிலமும் ஒருநாள் வகுப்பறை வாயிலில் காத்துநின்ற மொழியே!

தமிழ்நாட்டில் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை வகுப்பில் தமிழ்வழிக் கல்வி தொடங்கப்பெற்றது. 1970இல் நிறுவப்பெற்ற தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி மாணவர்க்கெனப் பொருளியல் நூல்களையும் வெளியிட்டது. தமிழ்வழியிற் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. இவையெல்லாம் வாயிலைத் திறந்தன. உள்ளே சென்றவனுக்கு விளக்கேற்றும் பணி மட்டும் எஞ்சி நிற்கின்றது.

அந்தப் பணி சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும். சந்தையில் வணிகர் 'கிராக்கி' என்று வழங்குவதற்குத் தமிழகப் பாடநூல்கள் இட்ட பெயர் 'தேவை'. பிறமொழிச் சொல்லை நீக்கியது நன்று. ஆயின் கருத்து எங்கே போயிற்று? பசித்தவனுக்குச் சோறு தேவை. கையிற் காசில்லையேல், அந்தத் தேவை சந்தையின் கணக்கில் ஏறுவதே இல்லை. பொருளியல் கூறுவது வாங்கும் ஆற்றலோடு கூடிய விருப்பத்தை மட்டுமே. 1943இல் வங்கத்தில் பல இலக்கம் மக்கள் பசியால் மாண்டனர். அரிசி அங்கு அறவே இல்லாமற் போய்விடவில்லை என்றும், கூலியாட்கள் முதலியோர் அதனை வாங்கும் ஆற்றலை இழந்ததே பெருங்காரணம் என்றும் அமர்த்தியா சென் 1981இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். அங்குத் தேவை மலைபோல் இருந்தது. காசோடு கூடிய கேட்பு இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் மாணவனுக்கு இந்த வேறுபாடு எவ்வாறு விளங்கும்?

ஈழத்துத் தமிழர் இதனைக் 'கேள்வி' என்றும், சந்தைக்கு வருவதை 'நிரம்பல்' என்றும் எழுதுகின்றனர். தமிழகத்தில் இவை 'தேவை', 'அளிப்பு'. கடல்கடந்த ஒரே மொழியினர் ஒருவர் நூலை ஒருவர் படிக்கத் தடுமாறும் நிலை நல்லதா? அறிஞர் கூடி, கேள்வியோ கேட்போ, ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்தல் வேண்டும். 'முதல்', 'ஊதியம்' என்னும் சொற்கள் திருக்குறளிலேயே உள்ளன. அங்கு ஊதியம் என்பது முதலிட்டவன் பெறும் ஆக்கம். இன்று அதுவே உழைப்பவன் பெறும் சம்பளத்தைக் குறிக்கின்றது. பழஞ்சொல்லை எடுப்பவரும் அதன் பொருள் நகர்ந்த வழியை அறிந்தே எடுத்தல் வேண்டும். தூய சொல் என்பதோடு தெளிந்த சொல்லாகவும் இருத்தலே தமிழுக்கு அழகு.

சொல்லை அடுத்து வேண்டுவது மண்ணறிவு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட்டு சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர், மாணவரைத் தத்தம் சிற்றூர்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டறிந்து எழுதச் செய்தார். இருவேல்பட்டு முதலிய ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வுகள் 1918இல் ஆங்கில நூலாயின. பின்வந்தோர் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்று, காலம் செய்த மாற்றங்களை அளந்தனர். அயலான் ஒருவன் கண்ட வழி, தமிழாசிரியர்க்கும் தமிழ் மாணவர்க்கும் ஏன் இன்று எட்டாதிருக்கவேண்டும்? ஒவ்வொரு மாணவனும் பட்டம் பெறுமுன் தன் ஊரின் வரவுசெலவைத் தமிழில் ஒரு சிறு ஏடாக எழுதட்டும். மூன்றாண்டுக் கையேடுகள் தாரா அறிவை அவ்வோர் ஏடு தரும்.

மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டாவா என்று கேட்பர். வேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்கட்டும். உலக நூல்களைப் படிக்கட்டும். கணக்கியலும் புள்ளியியலும் ஐயமறப் பயிலட்டும். தமிழ்ப்பற்று அவற்றை விலக்கச் சொல்வதன்று. தாய்மொழியில் ஒன்றைத் தெளிந்தவன் பிறமொழியில் அதனை எளிதிற் சொல்வான். எம்மொழியிலும் தெளியாதவன் இருமொழியிலும் ஊமையே.

ஒட்டன்சத்திரத்து மாணவன் ஒருநாள் தன் தந்தையின் அருகமர்ந்து, தக்காளி விலை ஏன் வீழ்ந்தது, உழவர் கூடிச் சேமிப்பறையும் சாறு பிழியும் ஆலையும் அமைத்தால் அது எவ்வாறு தாங்கும் என்று தந்தைக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பானாயின், அன்றே அவன் பொருளியல் பட்டத்திற்கு உரியவன். அந்நாளை விரைந்து கொணர்தல் தமிழ்வழிப் பேராசிரியர்களின் கடன். அதற்குரிய நூல்களை ஆக்கித் தருதல் தமிழறிஞர்களின் கடன்.