விண்மீன் ஏன் மண்ணுக்கு இறங்கவில்லை?

"மக்கள் நம்மை மறந்துவிட்டனர்" என்று கூட்டந்தோறும் முகாரி பாடுகின்றனர் நம்மவர் சிலர். நாடகக்காரன் நான் ஒன்று அறிவேன்: கொட்டகை காலியானால் குறை நாடகத்தில், பார்ப்போரைத் திட்டிப் பயனில்லை!

1959இல் பிறந்தது சுதந்திராக் கட்சி. நாகபுரிக் காங்கிரசு கூட்டுப்பண்ணைத் தீர்மானம் நிறைவேற்றிய ஆண்டு அது. பர்மிட், லைசென்சு, கோட்டா ஆட்சி என்று பெயர் சூட்டி, அதன் முகமூடியைக் கிழித்தார் இராஜாஜி. 1962இல் மக்களவையில் 18 இடம்; 1967இல் 44, எதிர்க்கட்சிகளில் முதலிடம்! 1971இல்? எட்டே எட்டு! 1974இல் கட்சியே பாரதிய லோக தளத்தில் கரைந்தது.

கொள்கை பொய்த்ததா? இல்லை! 1991இல் காங்கிரசே லைசென்சு முறையைத் தளர்த்தியது. கொள்கை வென்றது, அதைக் காணக் கட்சி உயிரோடில்லை. ஏன்? ஒரிசாவிலும் இராஜஸ்தானத்திலும் அரண்மனைகளை நம்பிற்று. தமிழகத்தில் 1967இல் பெற்ற 20 சட்டமன்ற இடங்களும் தி.மு.கழகத்தின் தோளேறிப் பெற்றவை. தோளேறி நின்றவன் உயரம் தன் உயரமாகுமா? லைசென்சு என்பது ஆலை முதலாளியின் தலைவலி என்றே ஏழை எண்ணினான். அது உன் தையல் எந்திரத்தையும் தடுக்கும் என்று அவன் திண்ணையில் அமர்ந்து சொன்னவர் எத்தனை பேர்?

புதியம்புத்தூருக்கு வாருங்கள், நண்பர்களே! கரிசற்காட்டு நடுவே தெருத்தெருவாய் ஆயத்த ஆடை தைக்கும் ஊர். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ஆடைக்கான சரக்கு, சேவை வரியை 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக்க 2021 செப்டம்பரில் முடிவெடுத்தனர். எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 31 அன்று ஒத்திவைத்தனர். அந்த மூன்று மாதமும் இத்தெருவில் நம் கொடியன்றோ முன்னே பறந்திருக்க வேண்டும்! நாமோ, குளிரூட்டிய அறையில் சிறுதொழிலின் பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

கருத்தரங்கை மூடுவோம். வரிப் படிவம் புரியாத தையற்காரருக்கு நிரப்பிக் கொடுப்போம். காப்பீட்டுத் தொகைக்குக் காத்திருக்கும் மானாவாரி உழவரோடு அலுவலக வாயிலில் நிற்போம். வேட்பாளர் பட்டியலில் ஆலை அதிபருக்கு முன்னே தையற்காரர் பெயரை எழுதுவோம். ரேஷன் அரிசியை இகழும் நாவை அடக்குவோம். அதை உண்டு எழுந்தவள்தான் அந்த எந்திரத்தை ஓட்டுகிறாள்! அவள் உழைப்பை மதிக்காதவன் சுதந்திரத் தொழில் பற்றிப் பேசத் தகுதியற்றவன்.

சுதந்திராக் கட்சியின் சின்னம் நட்சத்திரம். அண்ணாந்து பார்த்தனர் மக்கள். குடிசைக்குள் வெளிச்சம் வரவில்லை. நமக்கு வேண்டுவது அகல்விளக்கு. ஏந்துங்கள்; வாசல்தோறும் செல்லுங்கள்!